எல் 1-இல் நிறுத்துவதா, எல் 3 வரை போவதா? இடுப்புச் சரிவும் ஸ்கோலியோசிஸ் ஆபரேஷனும்

தாம்பரம்_அம்மா

எல்லோருக்கும் வணக்கம். இதுவரை இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இப்போது கேட்டே ஆக வேண்டிய கட்டம். மகளுக்கு 14 வயது, ஸ்கோலியோசிஸ், அதாவது முதுகெலும்பு பக்கவாட்டில் வளையும் கோளாறு. சீருடைக்கு அளவெடுத்த தையல்கார அக்காதான் முதலில் கண்டுபிடித்தார். "பாவாடை ஓரம் இடது பக்கம் அரை இன்ச் இறங்குது. தையல்ல கோளாறு இல்லம்மா, பாப்பாவுக்கு இடுப்பே சரிஞ்சிருக்கு" என்றார். வீட்டில் குனியச் சொல்லிப் பார்த்தால் வலது தோள்பட்டைக்குக் கீழே மேடு தட்டியது.

ரிப்போர்ட்டில் இருப்பதை அப்படியே தருகிறேன். மார்பு முதுகில் வலப்பக்க வளைவு 54 டிகிரி. இடுப்பு முதுகில் இடப்பக்க வளைவு 36, பக்கவாட்டில் வளைத்து எடுத்த படத்தில் அது 17 ஆகிறது. ரிசர் 3 (எலும்பு வளர்ச்சி எவ்வளவு முடிந்தது என்பதன் அளவாம்). இடுப்பெலும்பு இடது பக்கம் 12 மி.மீ. தாழ்வு. பக்கவாட்டுப் படத்தில் மார்புக் கூன் 8, இடுப்பு உள்வளைவு 58, அப்புறம் இடுப்பெலும்புக் கோணங்களாம், பி.ஐ. 56, பி.டி. 11, எஸ்.எஸ். 45.

இரண்டு டாக்டர்களைப் பார்த்தோம். ஆபரேஷன் வேண்டும் என்பதில் இருவருக்கும் ஒரே கருத்து. ஒருவர் மார்பு முதுகின் நான்காவது முள்ளெலும்பு (டி 4) முதல் இடுப்பு முதுகின் முதல் முள்ளெலும்பு (எல் 1) வரை ஸ்க்ரூ, கம்பி போட்டு இணைத்தால் போதும் என்கிறார். இன்னொருவர் எல் 3 வரை போனால்தான் உடம்பு நேராக நிற்கும் என்கிறார். பக்கத்து வீட்டில் ஒருவர் வேறு, "இடுப்பு சரிஞ்சிருந்தா இடுப்பெலும்பு வரைக்கும் ஸ்க்ரூ போடுவாங்க, அப்புறம் தரையில உட்காரவே முடியாது" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து தூக்கமில்லை. ஆபரேஷனால் இடுப்புச் சரிவு போகுமா? 56 என்பது கெட்ட எண்ணா?

டி4_எல்3

அக்கா, என் பெயரே என் ஆபரேஷன்தான். 15 வயதில் டி 4 முதல் எல் 3 வரை செய்தார்கள். இப்போது கோவையில் காலேஜ். சம்மணம் போட்டுத் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். அது பெரும்பாலும் தொடை மூட்டின் வேலை, முதுகின் வேலை இல்லை. வண்டி ஓட்டும்போது திரும்பிப் பார்ப்பதுதான் கஷ்டம், முழு உடம்பையும் திருப்ப வேண்டும். கண்ணாடியை நம்பிப் பழகிவிட்டேன். கட்டிலுக்கு அடியில் விழுந்த சார்ஜரை எடுக்க முட்டி போட வேண்டும். அவ்வளவுதான். பாப்பாவிடம் என்னோடு பேச வேண்டுமா என்று கேளுங்கள். அம்மாக்கள் கேட்கும் கேள்வி வேறு, அந்த வயதில் நாங்கள் கேட்கும் கேள்வி வேறு.

ஆர்த்தோ_பிஜி

எலும்பு மருத்துவ மேற்படிப்பில் இருக்கிறேன். படத்தைப் பார்க்காமல் முடிவு சொல்ல மாட்டேன், முடிவு உங்கள் டாக்டருடையது. ஆனால் எண்களுக்கு விளக்கம் தரலாம்.

முதலில் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது. இடுப்பெலும்பு வரை ஸ்க்ரூ போடுவது பெரும்பாலும் நரம்பு, தசை நோயால் வரும் ஸ்கோலியோசிஸுக்கு. டூஷேன் தசைச் சிதைவு, மூளை முடக்குவாதம் போன்றவற்றில் குழந்தை பெரும்பாலும் சக்கர நாற்காலியில்தான் இருக்கும். முதுகோடு சேர்ந்து இடுப்பெலும்பும் சாய்ந்து, ஒரு பக்கப் பிட்டத்தில் மட்டும் எடை இறங்கிப் புண்ணாகும். அவர்களை நேராக உட்கார வைக்கத்தான் அது. உங்கள் மகளைப் போல நடந்து ஓடுகிற, காரணம் தெரியாத வகை ஸ்கோலியோசிஸில் அதற்கு அநேகமாக வேலையே இல்லை. நிம்மதியாகத் தூங்குங்கள்.

அடுத்து பி.ஐ. பக்கவாட்டுப் படத்தில் சேக்ரத்தின் (முதுகெலும்பின் அடியில் இடுப்பெலும்புகளுக்கு நடுவே உள்ள எலும்பு) மேல்தட்டு நடுப்புள்ளியிலிருந்து அந்தத் தட்டுக்குச் செங்குத்தாக ஒரு கோடு. அதே புள்ளியிலிருந்து இரண்டு தொடையெலும்புத் தலைகளின் நடுவுக்கு இன்னொரு கோடு. இரண்டுக்கும் இடையே உள்ள கோணம்தான் பி.ஐ. பிரான்ஸில் துவால்-பொப்பேர் குழு 1990களில் வகுத்த அளவு இது. வளரும் வயதில் கொஞ்சம் கூடும், வளர்ச்சி முடிந்தால் நின்றுவிடும். பெரியவர்களில் சராசரி 50-ஐ ஒட்டி இருக்கும், ஆனால் 35 உள்ளவரும் உண்டு, 80 உள்ளவரும் உண்டு. செருப்பு அளவு மாதிரிதான்: நல்லது கெட்டது கிடையாது, அதற்குப் பொருந்துகிறதா என்பதுதான் கேள்வி.

பி.ஐ. என்பது எப்போதும் பி.டி., எஸ்.எஸ். இரண்டின் கூட்டல். 11 + 45 = 56, கணக்கு சரி. எஸ்.எஸ். என்பது சேக்ரத்தின் மேல்தட்டு கிடைமட்டத்திலிருந்து எவ்வளவு சரிந்திருக்கிறது என்பது. பி.டி. என்பது இடுப்பெலும்பு பின்னால் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது. 11 என்றால் அவள் சிரமப்படாமல் நிற்கிறாள். இடுப்பு உள்வளைவு பி.ஐ.-க்கு 10 டிகிரி முன்பின்னாக இருக்க வேண்டும் என்பது பெரியவர்களுக்கு வைத்திருக்கும் உத்தேசக் கணக்கு. 56-க்கு 58, அருமை. அந்த உள்வளைவை ஆபரேஷன் கெடுக்கக் கூடாது. நான் பார்த்தவரை பெற்றோர் 54 என்கிற எண்ணையே பிடித்துக்கொள்கிறார்கள். முப்பது வருடம் கழித்து வலி வருமா என்பதில் பக்கவாட்டுப் படத்துக்கும் பெரிய பங்கு உண்டு.

சந்தேகி

பிஜி தம்பி, ஒரு மறுப்பு. என் மகனுக்கு ஆபரேஷன் ஆன சமயத்தில் இதையெல்லாம் நானும் தேடிப் படித்தேன். இந்தப் பி.ஐ. கணக்கெல்லாம் ஐம்பது, அறுபது வயதுக்காரர்களின் முதுகை வைத்து வந்தது. பிள்ளைகளுக்கு வலி, தோற்றம் பற்றியெல்லாம் கேட்கும் எஸ்.ஆர்.எஸ். 22 கேள்வித்தாள் கொடுக்கிறார்களே, அதில் ஆபரேஷனுக்குப் பின் அதிகம் ஏறுவது தோற்றம் பற்றிய மதிப்பெண். இந்தப் பக்கவாட்டுக் கோணங்கள் கூடினாலும் குறைந்தாலும் ஓரிரு வருடத்தில் அந்த மதிப்பெண் பெரிதாக மாறுவதில்லை. இல்லாத பயத்தை ஏன் கூட்டுகிறீர்கள்?

ஆர்த்தோ_பிஜி

சார், நீங்கள் சொல்வது உண்மை. ஆனால் மதிப்பெண் மாறாததற்குக் காரணம் பிள்ளைகளின் டிஸ்க் இளசு, தசை வலு அதிகம். கோளாறை உடம்பே ஈடுகட்டிவிடும். 16 வயதில் கேட்டால் "வலி இல்லை" என்றுதான் டிக் போடுவார்கள். கேள்வித்தாளில் தெரியாததால் பிரச்சினையே இல்லை என்று ஆகிவிடாது.

பழைய_கம்பி

இந்த இழையில் நான் பேசாவிட்டால் யார் பேசுவது. எனக்கு 1980களில் ஆபரேஷன், ஹாரிங்டன் கம்பி. அது ஹூஸ்டனில் போலியோ பிள்ளைகளுக்காக உருவாக்கி 1962-இல் வெளியிட்ட முறை. மேலே ஒரு கொக்கி, கீழே ஒரு கொக்கி, நடுவில் ஒரு கம்பி, ஜாக்கி போட்டு நீட்டுவார்கள். எனக்குக் கீழ்க் கொக்கி எல் 4-இல். அப்புறம் மாதக்கணக்கில் மாவுக்கட்டு. வெயில் காலத்தில் அதற்குள் அரிக்கும் அரிப்புக்கு அம்மா தென்னை ஈர்க்குச்சி விட்டுச் சொறிந்துவிடுவார்.

முன்பக்கப் படத்தில் எனக்கு நல்ல பலன்தான். கல்யாணம், இரண்டு பிள்ளைகள், வேலை எல்லாம் நடந்தது. நாற்பத்தைந்துக்கு மேல்தான் ஆரம்பித்தது. காலையில் நேராக நிற்பேன். மதியத்துக்கு மேல் உடம்பு முன்னால் விழும். ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போது எனக்கே தெரியாமல் முட்டி மடங்கிக்கொண்டிருக்கும். அண்ணன் மகன்தான் கவனித்து, "அத்தை, ஏன் எப்பவும் பாதி உட்கார்ற மாதிரி நிக்கிறீங்க?" என்று கேட்டான். நீட்டியதில் இடுப்பின் உள்வளைவு போய்த் தட்டையாகிவிட்டது. உடம்பை நிமிர்த்த இடுப்பெலும்பைப் பின்னால் சாய்க்கிறேன், அதுவும் போதாமல் முட்டியை மடக்குகிறேன். என் பி.டி. இப்போது 30-க்கு மேல்.

சரிசெய்ய எலும்பை ஆப்பு வடிவில் வெட்டி மறுபடி வளைக்கலாமாம், ஒரு வெட்டில் 30 டிகிரி போல வரும் என்கிறார்கள். பெரிய ஆபரேஷன், யோசித்துக்கொண்டிருக்கிறேன். பயமுறுத்த எழுதவில்லையம்மா. டாக்டரிடம் பக்கவாட்டுப் படத்தை எடுத்து வைத்துப் பேசுங்கள் என்பதற்காகத்தான்.

தாம்பரம்_அம்மா

அக்கா, படித்துவிட்டுக் கை நடுங்கிவிட்டது. இப்போதும் அப்படி நடக்க வாய்ப்பு உண்டா?

ஆர்த்தோ_பிஜி

அந்த அளவுக்கு வாய்ப்புக் குறைவு. ஹாரிங்டன் முறை இரண்டு முனைகளைப் பிடித்து இழுப்பது மட்டும்தான். 1980களில் பிரான்ஸில் கோட்ரெல், துபூசே இருவரும் பல இடத்தில் பிடித்து, கம்பியை முதுகின் இயல்பான வடிவத்துக்கு வளைத்துப் போடும் முறையைக் கொண்டுவந்தார்கள். 1990களில் கொரியாவின் சுக் மார்பு முதுகிலும் பெடிக்கிள் ஸ்க்ரூ (முள்ளெலும்பின் பின்பக்கத்திலிருந்து உள்ளே இறக்கும் திருகு) போட்டுக் காட்டினார். இன்று அதுதான் எங்கும். இடுப்பெலும்பையும் ஒரு முள்ளெலும்பாக எண்ணித்தான் நிற்கும் சமநிலையைப் பார்க்க வேண்டும் என்று வலியுறுத்தியவரும் அதே துபூசேதான்.

ஆனால் ஒன்று. ஸ்க்ரூ முறையில் பக்க வளைவை நன்றாக நிமிர்த்தும் வேகத்தில் மார்புக் கூன் இன்னும் தட்டையாகிவிடுவதுண்டு. உங்கள் மகளுக்கு ஏற்கனவே 8-தான் இருக்கிறது. ஸ்கோலியோசிஸ் வளைவுகளைப் பிரிக்கும் லென்கி வகைப்பாட்டில் 10 முதல் 40 வரை இயல்பு. மேலே கூன் குறைந்தால், தலையை இடுப்புக்கு நேராக வைக்க உடம்பு கீழே உள்வளைவையும் குறைத்துக்கொள்ளும். 56 பி.ஐ. உள்ள பிள்ளைக்கு அது நஷ்டம். ஆகவே "எத்தனை டிகிரி நிமிர்த்துவீர்கள்" என்று கேட்பதோடு, "மார்புக் கூனை எவ்வளவு கொண்டுவருவீர்கள்" என்றும் கேளுங்கள்.

கைவைத்தியம்

எங்கள் ஊரில் வர்ம ஆசான் ஒருவர் எண்ணெய் போட்டு நீவி இதைச் சரிசெய்கிறார். கத்தி எதற்கு?

டி4_எல்3

அண்ணா, எனக்கும் ஒரு வருடம் நீவினார்கள். எண்ணெய் வாசம் நன்றாக இருந்தது, வளைவு கூடிக்கொண்டே போனது.

இயன்முறை

பிசியோதெரபிஸ்ட். அந்த 12 மி.மீ. பற்றி யாரும் பேசவில்லையே.

இடுப்பு ஏன் சரிகிறது? ஒன்று, ஒரு கால் குட்டையாக இருக்கலாம். இரண்டு, தொடை மூட்டுப் பக்கத் தசை இறுகியிருக்கலாம். மூன்று, முதுகின் வளைவே இடுப்பை இழுத்திருக்கலாம். இதில் எது என்று தெரியாமல் எல் 1-ஆ எல் 3-ஆ என்று பேசுவதில் அர்த்தமில்லை. மகளை நிற்க வைத்து, இடது பாதத்துக்கு அடியில் 12 மி.மீ. பலகை வைத்து இடுப்பு சமமாகிறதா என்று பாருங்கள். சமமானால் காலில்தான் விஷயம். உட்கார்ந்த நிலையில் சரிவு மறைந்தாலும் அதே அர்த்தம்தான். இடது கால் குட்டை என்றால் இடப்பக்க இடுப்பு வளைவில் ஒரு பங்கு அந்தக் காலால் வந்தது.

ஆபரேஷன் திட்டத்தில் சேக்ரத்தின் நடுவிலிருந்து மேல்நோக்கி நேர்கோடு ஒன்று போடுவார்கள். அந்தக் கோடு இடுப்பு முதுகை எங்கே வெட்டுகிறது என்பதைப் பார்த்துத்தான் எங்கே நிறுத்துவது என்ற முடிவு. இடுப்பெலும்பே சரிந்து நிற்கும்போது எடுத்த படத்தில் அந்தக் கோட்டை நம்புவது எப்படி? பலகை வைத்து நிற்க வைத்து இன்னொரு படம் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். அந்த வசதி உள்ள இடத்தில் ஈ.ஓ.எஸ். எக்ஸ்ரே கருவியில் எடுத்தால் கதிர்வீச்சும் குறைவு, ஒரே நேரத்தில் கால் நீளமும் தெரிந்துவிடும்.

மதுரை_அப்பா

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் மகளுக்கு 12 வயது, 28 டிகிரி, ரிசர் 1. இந்த இடுப்புக் கணக்கெல்லாம் நாங்களும் பார்க்க வேண்டுமா?

ஆர்த்தோ_பிஜி

உங்களுக்கு இப்போது பிரேஸ்தான் (வளைவு கூடாமல் இருக்க உடம்பில் கட்டும் கவசம்) முக்கியம். 2013-இல் வெளிவந்த பிரெய்ஸ்ட் ஆய்வில் பிரேஸ் போட்டவர்களில் 72 சதவீதம் பேர் 50 டிகிரியைத் தொடாமல் வளர்ச்சியை முடித்தார்கள், போடாமல் கவனித்தவர்களில் 48. எத்தனை மணி நேரம் போடுகிறாள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. தனி இழை திறவுங்கள், விரிவாக எழுதுகிறேன்.

சந்தேகி

எல் 1, எல் 3 விஷயத்துக்கு வருகிறேன். நான் எல் 3 பக்கம். 36 டிகிரி வளைவைக் கீழே அப்படியே விட்டுவிட்டு மேலே மட்டும் நிமிர்த்தினால், உடம்பு ஒரு பக்கம் நகர்ந்து நிற்கும். மறுபடி திறக்க வேண்டி வந்தால்? ஒரே தடவையில் முடிப்பது நல்லதில்லையா?

ஆர்த்தோ_பிஜி

வளைத்து எடுத்த படத்தில் 25-க்குக் கீழே இறங்கினால் அந்த வளைவு இறுகவில்லை என்று கணக்கு. இங்கே 17. மேலே நிமிர்த்தினால் கீழே தானாகவே ஓரளவு நிமிரும். எல் 1-இல் நிறுத்தினால் அதற்குக் கீழே ஐந்து அசையும் இடம் மிச்சம், எல் 3 என்றால் மூன்றுதான். உள்வளைவின் பெரும்பகுதி எல் 4-க்குக் கீழேதான் இருக்கிறது என்பதால் எல் 3 ஒன்றும் பெரிய குற்றம் இல்லை. ஆனால் அசையும் மூட்டுகள் எத்தனை மிச்சமோ, அத்தனைக்கு முதுகும் இடுப்பெலும்பும் தங்களுக்குள் ஈடுகட்ட இடம் இருக்கும். சார் சொல்லும் ஆபத்தும் உண்மைதான், உடம்பு நகர்ந்து நின்று இரண்டாவது ஆபரேஷன் ஆனவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் குறைந்த பங்கு. எனக்கு இருக்கும் மனச்சாய்வு எல் 1 பக்கம், அதை மறைக்கவில்லை.

பழைய_கம்பி

ஆபரேஷனே வேண்டாம் என்று விட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்லுங்கள் தம்பி. என் கதையைப் படித்து யாரும் ஓடிவிடக் கூடாது.

ஆர்த்தோ_பிஜி

சரியான கேள்வி அக்கா. மார்பு வளைவு 50-ஐத் தாண்டினால் வளர்ச்சி நின்ற பிறகும் வருடத்துக்குச் சுமார் ஒரு டிகிரி கூடும் என்பது அயோவாவில் வைன்ஸ்டீனும் பொன்செட்டியும் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்து 1983-இல் எழுதியது. 14 வயதில் 54 என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வளைவு மிக அதிகமானால் நுரையீரலுக்கும் சுமை. அதே சமயம், ஸ்வீடனில் கோத்தன்பர்க் குழு ஹாரிங்டன் கம்பி போட்டவர்களை இருபது வருடத்துக்கு மேல் கழித்துப் பார்த்தபோது, முதுகுவலி மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல்தான், அன்றாட வாழ்க்கை பெரிதாகக் குறையவில்லை. அக்காவுக்கு வந்தது போல் எல்லோருக்கும் வருவதில்லை.

தாம்பரம்_அம்மா

பலகை வைத்துப் படம் எடுத்தாயிற்று. இடுப்புச் சரிவு 12-லிருந்து 3 மி.மீ. ஆனது. இடுப்பு வளைவு 36-லிருந்து 31. இடது கால் குட்டை என்று அளந்தும் சொல்லிவிட்டார்கள். எல் 3 என்று சொன்ன டாக்டரிடமே கொண்டுபோனேன். படத்தைத் திரையில் ஏற்றி, அந்த நேர்கோட்டை மறுபடி போட்டுப் பார்த்தார். ரொம்ப நேரம் பேசவில்லை. "அப்படின்னா எல் 1 போதும்மா, ஆனா உடம்பு கொஞ்ச நாள் இடப் பக்கம் சாயும், அதுக்குப் பயந்து ஓடி வரக் கூடாது" என்றார். கூனைப் பற்றிக் கேட்டேன். கம்பியைக் கையில் வளைத்துக் காட்டி, 20-ஐ ஒட்டிக் கொண்டுவரப் பார்ப்பதாகச் சொன்னார். நரம்பைக் கண்காணிக்கும் கருவி ஆபரேஷன் முழுக்க ஓடும், நரம்புப் பாதிப்பு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு, ஆனால் பூஜ்யம் இல்லை என்றும் சொன்னார். பள்ளி லீவில் தேதி.

இன்னொன்று, மகள் டி4_எல்3-யோடு பேசினாள். அவள் கேட்ட முதல் கேள்வி தழும்பு எந்த ஜாக்கெட்டில் தெரியும் என்பது.

டி4_எல்3

நான்தான் சொன்னேனே அக்கா, கேள்வி வேறு என்று!

தாம்பரம்_அம்மா

எல்லோரும் தனிச்செய்தியில் விசாரிக்கிறீர்கள், மொத்தமாக இங்கேயே எழுதுகிறேன். ஆபரேஷன் நல்லபடி முடிந்து இரண்டாவது பருவத்துக்குப் பள்ளிக்கும் போய்விட்டாள். மார்பு வளைவு 19. இடுப்பு வளைவு தானாக 18-க்கு வந்திருக்கிறது. மார்புக் கூன் 21, உள்வளைவு 59, பி.டி. 11. ஆனால் உடம்பு 2 செ.மீ. இடப் பக்கம் சாய்ந்து நிற்கிறது, செருப்பில்லாமல் நின்றால் இடுப்பு பழையபடி இடது பக்கம் தாழ்வாகத்தான் இருக்கிறது. மாமியார் "இதுக்கா அவ்வளவு செலவு" என்கிறார்.

ஆர்த்தோ_பிஜி

எண்கள் மிக நன்று. கால் நீளத்தை முதுகு ஆபரேஷன் மாற்றாது, அதனால் இடுப்புத் தாழ்வு அப்படியேதான் இருக்கும். இடப் பக்கச் சாய்வு இந்த வகை ஆபரேஷனில் எதிர்பார்த்ததுதான், பலருக்கு ஓரிரு வருடத்தில் தானாகக் குறையும். கூடினால் மட்டும் உடனே காட்டுங்கள்.

சந்தேகி

எல் 3 பக்கம் நின்றவன் என்ற முறையில், அந்த 18 எனக்கு ஆச்சரியம்தான். வாழ்த்துகள் மேடம். அடுத்த வருடப் படத்தையும் போடுங்கள், விவாதத்தை அப்போது முடித்துக்கொள்ளலாம்.

இயன்முறை

12 மி.மீ. என்பது சாதாரணமாக விட்டுவிடக்கூடிய வித்தியாசம்தான், 2 செ.மீ.-க்குக் கீழே பலர் எதுவும் செய்வதில்லை. இங்கே மேல் முதுகு இணைந்துவிட்டது, ஈடுகட்டும் வேலை முழுக்கக் கீழே உள்ள ஐந்து மூட்டுகளுக்கு. டாக்டர் சம்மதித்தால் இடது ஷூவுக்குள் 6 மி.மீ. பட்டை வைத்துப் பார்க்கலாம். அதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு: நம் வீட்டுப் பிள்ளைகள் ஷூ போடுவது பள்ளி நேரம் மட்டும். மீதி நேரம் முழுக்க வெறுங்கால். வீட்டுக்குள் போடத் தனியாக ஒரு ஜோடி செருப்பு வாங்கி அதிலும் அதே பட்டையை ஒட்டிவிடுங்கள்.

தாம்பரம்_அம்மா

டாக்டர் சரி என்றுவிட்டார். பட்டை ஒட்டிய செருப்பும் வாங்கியாயிற்று. வீட்டுக்குள் செருப்பா என்று மாமியாருக்கும் மகளுக்கும் வாக்குவாதம், கடைசியில் பூஜை அறையும் அடுப்படியும் தவிர மற்ற இடத்தில் போடலாம் என்று ஒப்பந்தம். மதுரை_அப்பா, பிரேஸ் இழையைத் திறந்தீர்களா? சுட்டி கொடுங்கள், என் தங்கை மகளுக்கும் பார்க்க வேண்டும்.